உறக்கத்திலிருந்து எழுந்ததும் உறைந்துபோகும் லினக்ஸ் மேசைக் கணினி: எழாதது கர்னலா, திரையா?

கேள்வி

வணக்கம். என் மேசைக் கணினியில் டெபியன் 13, கேடிஈ பிளாஸ்மா மேசைச்சூழல், வேலண்ட் (நிரல்கள் திரையில் வரைவதற்கான நெறிமுறை) அமர்வு ஆகியவை உள்ளன. நினைவகம் 16 ஜிபி. இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை செயலியோடு சேர்ந்து வரும் வரைகலையையே பயன்படுத்திவந்தேன். பிளெண்டர் வேலைக்காக 12 ஜிபி காட்சி நினைவகம் கொண்ட என்விடியா அட்டை ஒன்றைப் பொருத்தி, டெபியன் களஞ்சியத்திலுள்ள இயக்கியை நிறுவினேன். அதன் பிறகுதான் இந்தத் தொல்லை.

உறங்கச் சொன்னால் ஒழுங்காக உறங்குகிறது, மின்விசிறி நிற்கிறது. எழுப்பினால் மின்விசிறி சுழல்கிறது, திரையும் ஒளிர்கிறது. ஆனால் பூட்டுத் திரையிலுள்ள கடிகாரம் நான் உறங்கவைத்த நேரத்தைவிட்டு நகர்வதில்லை. நேற்று காலை ஏழு மணிக்கு எழுப்பியபோது முந்தைய இரவின் 11:42 அப்படியே நின்றுகொண்டிருந்தது. சுட்டி அசையவில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாததால் இயங்குதளத்தின் கருவான கர்னலே செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

விந்தை என்னவென்றால், இது எப்போதும் நிகழ்வதில்லை. உலாவியில் ஓரிரு பக்கங்கள் மட்டும் திறந்திருந்தால் நன்றாகவே எழுகிறது. பிளெண்டரில் பெரிய காட்சி ஒன்று திறந்திருந்தால் தவறாமல் உறைகிறது. மேசைச்சூழலை முழுவதுமாக நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

மேசைச்சூழலை மீண்டும் நிறுவியது வீண் உழைப்பு, அதை விட்டுவிடுவோம். 'உறைந்தது' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்றில் கர்னல் எழவே இல்லை. மற்றொன்றில் கர்னல் எழுந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, திரையை வரைய வேண்டிய நிரல் மட்டும் விழுந்து கிடக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்று தெரியும் முன் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம்.

கேப்ஸ் லாக் விளக்கை நம்பாதீர்கள். வெறும் உரை முனையத்தில் அந்த விளக்கைக் கர்னலே ஏற்றும். வேலண்ட் அமர்விலோ அதை ஏற்றுவது திரையை வரையும் நிரலின் பொறுப்பு. அந்த நிரல் விழுந்திருந்தால், கர்னல் முழு நலத்துடன் இருந்தாலும் விளக்கு எரியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி, பழுதில்லாத தாய்ப்பலகையை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம்பத்தகுந்த சோதனை வலையமைப்பு வழியானது. எஸ்எஸ்எச் சேவையகத்தை இப்போதே நிறுவி, நன்றாக இருக்கும்போதே வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ ஒருமுறை நுழைந்து பாருங்கள். அடுத்த முறை உறைந்ததும் அதே வழியில் நுழைய முயலுங்கள். உள்ளே போக முடிந்தால், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் கர்னல் பதிவைப் படித்து, 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரிக்குப் பிறகு 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நுழைய முடியாவிட்டால், ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திப் பிடித்தபடி எஸ், யு, பி ஆகியவற்றைச் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ் எழுதப்படாத தரவை வட்டுக்கு அனுப்பும், யு கோப்பு முறைமைகளைப் படிப்பதற்கு மட்டுமாக மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். இதற்கு, இந்த அவசர விசைகளில் எவை செல்லும் என்று குறிக்கும் கர்னலின் சிஸ்ஆர்கியூ மதிப்பில் 16, 32, 128 ஆகிய மூன்றும் அடங்கியிருக்க வேண்டும், கூட்டினால் 176. இந்த விசைகளுக்குக் கணினி பணிந்தால், கர்னல் ஓரளவாவது உயிரோடிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மறுமொழி 2

எஸ்எஸ்எச் நுழையவில்லை என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். சிஸ் அடைவிலுள்ள பவர் என்ற உள்ளடைவில் 'மெம் ஸ்லீப்' என்றொரு கோப்பு இருக்கும். அதில் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற சொற்களில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுவே நடப்பிலுள்ள உறக்க முறை. டீப் என்பது எஸ்3 நிலை. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், எழுப்பும் வேலையில் தாய்ப்பலகையின் நிலைப்பொருளுக்கும் பங்குண்டு. எஸ்2ஐடில் முறையில் எல்லாம் கர்னலின் கையிலேயே இருக்கும். மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எஸ்2ஐடில் முறையில் எழுந்து டீப் முறையில் எழாவிட்டால், முதலில் பயாஸை, அதாவது அந்த நிலைப்பொருளை, புதுப்பியுங்கள். நினைவகத்தை எக்ஸ்எம்பி அமைப்பில் கூடுதல் வேகத்தில் ஓட்டினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்; நாள் முழுவதும் நன்றாக ஓடும் நினைவகம், எழும் நொடியில் மட்டும் தடுமாறுவது உண்டு.

அதே அடைவில் உள்ள 'பிஎம் டெஸ்ட்' கோப்பில் 'டிவைசஸ்' என்று எழுதிவிட்டு உறங்கச் சொன்னால், கர்னல் சாதனங்களை மட்டும் உறங்கவைத்து, ஐந்து நொடி காத்திருந்து தானே எழுப்பும். அங்கேயே உறைந்தால் குற்றம் ஏதோ ஓர் இயக்கியில்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிளெண்டரைத் திறந்துவைத்து வேண்டுமென்றே உறைய வைத்தேன். கடிகாரம் நின்றது, சுட்டி நின்றது, ஆனால் கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் எந்தத் தடையுமின்றி நுழைந்தது! 'சஸ்பெண்ட் எக்ஸிட்' வரியும் பதிவில் இருந்தது. அதற்குக் கீழே திரையை வரையும் கேவின் நிரலின் பிழைச் செய்திகள் வரிசையாக நின்றன. நுழைவுத் திரையைக் காட்டும் எஸ்டிடிஎம் சேவையை அங்கிருந்தே மறுதொடக்கம் செய்ததும் நுழைவுத் திரை வந்துவிட்டது. பிளெண்டரில் சேமிக்காதது போயிற்று. அது சோதனைக்காகத் திறந்த காட்சிதான்.

மறுமொழி 1

அப்படியானால் கர்னல் எழுந்துவிட்டது. எழும்போது தொலைந்தது காட்சி நினைவகத்தின் உள்ளடக்கம்.

எஸ்3 உறக்கத்தில் அட்டையின் காட்சி நினைவகத்துக்கு மின்சாரம் கிடைப்பதில்லை. உறங்கும் முன் அதிலிருப்பதை வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும். நீங்கள் நிறுவிய இயக்கி, இயல்பிருப்பில் இன்றியமையாத பகுதியை மட்டுமே எடுத்துவைக்கும். மீதி தொலைந்தால் நிரல்கள் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இது மறைவான பழுது அன்று. இயக்கியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. உலாவி மட்டும் திறந்திருந்தபோது தொலைந்தது சிறிது, சமாளித்தது. பிளெண்டர் பல ஜிபியை நிரப்பியிருந்தபோது சமாளிக்க முடியவில்லை. நீங்கள் விந்தை என்று சொன்னதே உண்மையில் சரியான தடயம்.

முழுவதையும் எடுத்துவைக்கச் சொல்ல, 'என்விரெக் பிரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்ற அளபுருவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. 'என்விடியா-சஸ்பெண்ட்-காமன்' என்ற தொகுப்பை நிறுவி, அதிலுள்ள சஸ்பெண்ட், ஹைபர்னேட், ரிசியூம் என்ற மூன்று சேவைகளையும் சிஸ்டம்சிடிஎல் கொண்டு இயலச்செய்யுங்கள். அளபுரு மட்டும் இருந்து சேவைகள் இல்லாவிட்டால் கணினி உறங்கவே மறுக்கும்.

எங்கே எடுத்துவைப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். இயல்பிருப்பு இடம் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு. டெபியன் 13 முதல் அந்த அடைவு வட்டில் இல்லை. டிஎம்பிஎஃப்எஸ் ஆக நினைவகத்திலேயே இருக்கிறது, அதிகபட்சம் நினைவகத்தில் பாதி வரை. உங்களிடம் 16 ஜிபி என்றால் சுமார் 8 ஜிபி. பன்னிரண்டு ஜிபி அட்டை நிரம்பியிருந்தால் எட்டில் எப்படி அடங்கும்? எனவே 'என்விரெக் டெம்பரரி ஃபைல் பாத்' என்ற அளபுருவில் வார் அடைவுக்குள் இருக்கும் டிஎம்பி அடைவைக் கொடுங்கள்; அந்த வட்டில் குறைந்தது 13 ஜிபி காலியாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

சொன்னபடியே, இயக்கிகளுக்கான அளபுருக்களை எழுதிவைக்கும் மாட்புரோப் அடைவில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் என்விடியா' என்று தொடங்கி இரண்டு அளபுருக்களையும் எழுதினேன். சேவைகளும் இயங்கும் நிலையில் உள்ளன. மறுதொடக்கத்துக்குப் பிறகும் அதே உறைவு, அதே நின்ற கடிகாரம்.

மறுமொழி 3

நானும் ஒரு மாலை முழுவதையும் இதே இடத்தில் இழந்தவன். பிராக் அடைவில், டிரைவர், என்விடியா என்று உள்ளே போனால் 'பாரம்ஸ்' என்ற கோப்பு கிடைக்கும். இயக்கி உண்மையில் எந்த மதிப்புகளோடு ஓடுகிறது என்பதை அதுவே சொல்லும். அதில் 'பிரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்பதற்கு எதிரே 0 என்றே இருக்கும் என்று எண்ணுகிறேன். டெபியன் தொகுப்பில் கர்னலில் ஏற்றப்படும் இயக்கிக் கூறின் பெயர் 'என்விடியா' அன்று, 'என்விடியா-கரண்ட்'. ஆகவே வரி 'ஆப்ஷன்ஸ் என்விடியா-கரண்ட்' என்று தொடங்க வேண்டும். திருத்தியபின், தொடக்கத்தில் ஏற்றப்படும் கோப்புத் தொகுப்பைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை 'யு' தெரிவுடன் ஓட்டி, மறுதொடக்கம் செய்து, பாரம்ஸ் கோப்பில் 1 என்று பார்த்த பிறகே உறங்கவையுங்கள்.

சோதிக்கும்போது, குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளையை 'மெம்' முறையில் கொடுக்காதீர்கள். அது சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியைத் தொடாமல் நேரே கர்னலிடம் போய்விடும், அந்த மூன்று சேவைகளும் ஓடாது. 'நோ' முறையில் எழுப்பும் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு, சிஸ்டம்சிடிஎல் வழியாக உறங்கவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

0 என்றுதான் இருந்தது. 'கரண்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் 1 ஆயிற்று. பிளெண்டரில் முன்பு உறைந்த அதே காட்சியைத் திறந்துவைத்து, ஒரு நிமிடத்தில் எழுமாறு ஆறு முறையும், இரவு முழுவதும் ஒரு முறையும் சோதித்தேன். ஏழு முறையும் எழுந்தது. கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியது. உறங்கப் போகும்போது மட்டும் வட்டு விளக்கு சில நொடிகள் விடாமல் எரிகிறது.

ஒரே ஓர் ஐயம். அந்த நேரத்தில் எஸ்எஸ்எச் வழியாக, வார் அடைவுக்குள் இருக்கும் அந்த டிஎம்பி அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். புதிய கோப்பு எதுவுமே தெரியவில்லை. உண்மையில் அங்கேதான் எழுதுகிறதா?

மறுமொழி 3

அங்கேதான் எழுதுகிறது. அது பெயரில்லாத தற்காலிகக் கோப்பு என்பதால் அடைவின் பட்டியலில் இடம்பெறாது. பட்டியலுக்குப் பதிலாக டிஎஃப் கட்டளையை ஓட்டினால், காலியிடம் குறைவதையும் எழுந்த பிறகு திரும்பி வருவதையும் காணலாம்.