சூரிய ஒளி பட்டால் சாவது நாவலிலேயே இருக்கிறதா? வாம்பயர் விதிகள் எங்கிருந்து வந்தன?

மாடத்துநிழல்:
1890களின் இங்கிலாந்தில் நடக்கும் வாம்பயர் கதைக்காகக் கேட்கிறேன். பின்னாளில் வந்த விதி எதுவும் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. வெயிலில் எரிவது, உயரக் காலர் வைத்த கறுப்பு மேலங்கி, கண்ணாடியில் தெரியாதது, நெஞ்சில் மரமுளை, செத்த மனைவியின் மறுபிறவியைத் தேடி வருவது: இவற்றில் எவை 1897 'டிராகுலா' நாவலில் உள்ளவை, எவை பிறகு ஒட்டிக்கொண்டவை? ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுப்பூச்சி:
வெயிலிலிருந்து தொடங்குவோம், அதிகம் பேர் தவறுவது அங்கேதான். நாவலில் வெயில் டிராகுலாவைக் கொல்லாது. லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்று ஓர் அழகான பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். முன்பு அவன் கோட்டையில் சிக்கித் தப்பிய வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கர் அவனை அடையாளம் கண்டு வெலவெலத்துப் போகிறார். பகலில் அவன் சக்தி முடங்கும், அவ்வளவுதான். தன் இடத்தில் இல்லாதபோது உருமாற வேண்டுமானால் சூரிய உதயம், நண்பகல், அஸ்தமனம் இந்த மூன்று நொடிகள்தான் வாய்க்கும் என்று, துரத்துபவர்களை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங் விளக்குகிறார். உங்கள் கதைக்கு இது எரிந்து சாவதைவிட நல்ல விதி. துரத்துபவர்களுக்குக் கடிகாரம் ஆயுதமாகிவிடும்.

வெளிச்சத்தில் அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்தின் சேர்க்கை. சேவல் கூவும்வரை ஒரு பெண் வாம்பயரைத் தன்னருகே இருத்தி வைக்கிறாள். விடியல் ஒளியில் அவன் உருவம் மங்கிப் புகையாகிறது. மௌனப்படத்துக்கு இது பொருத்தமான முடிவு: யாரும் வாய் திறந்து விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'டிராகுலா' நாவலைத் தழுவிய அந்தப் படம் அனுமதி பெறாமல் எடுக்கப்பட்டது. நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடர, 1925இல் பிரதிகளை அழிக்க உத்தரவானது. தப்பிய பிரதிகளால்தான் படம் இன்று இருக்கிறது. 1931 ஹாலிவுட் படத்தில் டிராகுலா சாவது மரமுளையால், அதுவும் திரைக்கு வெளியே. 1940களின் படங்களில் வெயில் மீண்டும் தலைகாட்டி, 1958இல் பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் எடுத்த படத்தில் திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடும் காட்சியோடு நிலைத்துவிட்டது.

மரமுளை நாவலில் உண்டு. ஆனால் அது டிராகுலா கடித்து வாம்பயராக்கிய லூசிக்கும் கோட்டையிலுள்ள மூன்று பெண்களுக்கும்தான். டிராகுலாவுக்கு இல்லை! நவம்பர் 6, சூரியன் மறையும் தறுவாயில் ஹார்க்கரின் குக்ரி கத்தி அவன் கழுத்தை அறுக்கிறது, கூட்டாளி க்வின்சி மோரிஸின் போவி கத்தி நெஞ்சில் இறங்குகிறது, உடல் தூளாகிறது.

கண்ணாடியில் தெரியாதது அசல். சவரக் கண்ணாடிக் காட்சியே நாவலில் இருக்கிறது. ஸ்டோக்கரின் கைக்குறிப்புகளிலும் கோட்டையில் கண்ணாடியே இருக்காது என்று எழுதி வைத்திருக்கிறார். முதல் தடவை அழைத்தால்தான் வீட்டுக்குள் வரமுடியும் என்பதும் அசல். ஓடும் நீரை அலை தணிந்த வேளையிலோ முழு ஏற்றத்திலோ மட்டுமே கடக்கலாம். படுத்து ஓய்வெடுக்கத் தன் ஊர் மண்ணை 50 பெட்டிகளில் கொண்டுவருகிறான். துரத்துபவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கெடுக்கிறார்கள்.

தோற்றத்திலும் கவனம் தேவை. நாவலில் முதலில் வருபவன் கிழவன்: அடர்ந்த வெள்ளை மீசை, உள்ளங்கையில் முடி, நாறும் மூச்சு, உதட்டுக்கு வெளியே நீண்ட கூர்ப்பற்கள். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறான். வசீகரமான பிரபு வேண்டுமென்றால் உங்கள் முன்னோடி வேறு ஆள்: 1819இல் ஜான் போலிடோரி எழுதிய 'தி வாம்பயர்' கதையின் லார்ட் ரூத்வென்.

கூத்துமேடை:
மேலே சொன்னது சரி. மேலங்கி விடுபட்டுவிட்டது. அதன் கதை மேடையில் இருக்கிறது. வாம்பயரை மாற்றியதில் எழுத்தாளர்களுக்கு நிகராக மேடைத் தச்சர்களுக்கும் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ரூத்வென் கதையை 1820இல் லண்டன் லைசியம் அரங்கில் நாடகாசிரியர் பிளான்ஷே நாடகமாக்கினார். கதையைக் கிழக்கு ஐரோப்பாவில் வைக்க அவர் விரும்பினார். அரங்க நிர்வாகிக்கோ ஸ்காட்லாந்து இசையும் உடையும்தான் வேண்டும். உடைகள் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தன. ஆக வாம்பயர் ஸ்காட்லாந்துக்காரனானான். அதே நாடகத்துக்காக ஒரு பொறிக்கதவு செய்தார்கள். இரண்டு மடல்கள், வில்விசையால் எப்போதும் மூடியே இருக்கும். நடிகர் உடல் அழுத்தியதும் விலகி, அவர் உள்ளே போனதும் உடனே மூடிக்கொள்ளும். பார்ப்பவருக்கு ஆள் கெட்டித் தரைக்குள் ஊடுருவிப் போனது போலத் தெரியும். மேடைக் கலைஞர்கள் அதை இன்றும் 'வாம்பயர் ட்ராப்' (வாம்பயர் பொறி) என்றுதான் சொல்கிறார்கள்.

நூறாண்டு கழித்து இதே தேவைதான் காலரைக் கொண்டுவந்தது. நாவலில் மேலங்கி இருக்கிறது, கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்கும்போது அது இறக்கைபோல விரிகிறது. ஆனால் நட்டுக்கொண்டு நிற்கும் காலரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1924இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஹாமில்டன் டீன் 'டிராகுலா' நாடகத்தை அரங்கேற்றினார். ஊர் ஊராகப் போகும் குழுவுக்குக் கோட்டையும் கப்பலும் கட்டுப்படியாகாது. அதனால் கதை வரவேற்பறைக்குள் சுருங்கியது. வரவேற்பறைக்குள் வரவேண்டியவன் நாறும் மூச்சோடு வந்தால் யார் உட்கார வைப்பார்கள்? மாலை விருந்து உடை, நயமான பேச்சு, மேலங்கி எல்லாம் வந்தன. காலரின் வேலை இது: நடிகர் முதுகைக் காட்டித் திரும்பினால் தலை மறையும், அவர் பொறிக்கதவு வழியே நழுவிவிட, மற்றவர் கையில் வெறும் மேலங்கி மிஞ்சும். 1927 பிராட்வே நாடகத்தில் பேலா லுகோசி நடித்தார், 1931 படத்திலும் அவரே. இன்று எல்லோர் மனத்திலும் இருக்கும் உருவம் அதுதான்.

உங்கள் கதை 1890களில் நடப்பதால் காலரை விட்டுவிடுங்கள், மேலங்கி இருக்கலாம்.

ஏட்டுப்பூச்சி:
மறுபிறவிக் காதல் பற்றி எழுத மறந்தேன். நாவலில் இல்லவே இல்லை. "நானும் காதலிப்பேன்" என்ற பொருளில் டிராகுலா ஒரே ஒரு வரி பேசுகிறான், அதுவும் கோட்டைப் பெண்களிடம். இழந்த காதலியைத் திரும்பக் காணும் கதை 1970களின் படங்களில் வந்து, 1992 கொப்போலா படத்தில் நாவலின் பெயரோடேயே சேர்ந்துவிட்டது. எதிரிகளைக் கழுவேற்றியதற்குப் பெயர்போன விளாட் என்ற வாலாக்கிய (இன்றைய ருமேனியா) அரசனை முழுசாக இழுத்து வந்ததும் பிற்காலம். ஸ்டோக்கர் 1890இல் இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு பழைய நூலிலிருந்து 'டிராகுலா' என்ற பெயரையும் அதன் அடிக்குறிப்பையும் எடுத்துக்கொண்டார். கழுவேற்றிய செய்திகள் அவர் குறிப்புகளில் இல்லை.

மாடத்துநிழல்:
மிக்க நன்றி, இரண்டு அத்தியாயங்களைத் திருத்த வேண்டும். இன்னொரு சந்தேகம். என் வாம்பயர் தன் நிலையை எண்ணி வருந்துகிறான். 1890களுக்கு அது பொருந்தாதா?

கல்லறைக்காவல்:
வருந்தலாம், அதற்கு முன்னோடி இருக்கிறது. 1845 முதல் 1847 வரை ஒரு பென்னி விலையில் வாராவாரம் வந்த 'வார்னி' தொடரின் நாயகன் தன் வாழ்வை வெறுத்து, கடைசியில் வெசுவியஸ் எரிமலையில் குதித்து மாய்கிறான். ஷெரிடன் லே ஃபானுவின் 'கார்மில்லா' (1872) கதையின் வாம்பயர் பெண் தன் இரையிடம் உண்மையாகவே உருகிப் பேசுகிறாள்.

தவறு நேரக்கூடிய இடம் வேறு: கதையை யார் சொல்வது? கார்மில்லாவின் கதையைச் சொல்வது இரையாக இருந்த லாரா. டிராகுலா நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், போனோகிராஃப் என்ற அக்கால ஒலிப்பதிவுக் கருவியின் பதிவு, தந்தி; அத்தனை பேர் கதை சொல்கிறார்கள், டிராகுலா மட்டும் சொல்வதில்லை. அவன் மனம் நமக்குத் திறப்பதில்லை, பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. வாம்பயர் தானே ஒலிநாடாவில் வாக்குமூலம் கொடுக்கும் ஆன் ரைஸ் நாவல் 1976இல்தான் வந்தது. அதன்பின் வாசகர் அவன் பக்கம் உட்கார்ந்துவிட்டார். 2005இல் 'ட்வைலைட்' நாவலில் வெயில் பட்டால் மின்னும் காதலன்வரை வந்த பாதை அது. ஆகவே உங்கள் வாம்பயரின் வருத்தத்தை அவன் வாயால் ஒப்பிக்க வைக்காதீர்கள். பார்த்தவர் ஒருவர் எழுதி வைத்த, பாதி புரியாத கடிதமாகக் கொடுங்கள்.

கூடவே, மறந்துபோன பழைய விதி ஒன்று: நிலவொளி. சுடப்பட்ட ரூத்வென்னின் உடலை அவன் சொன்னபடியே மலையுச்சியில் நிலவின் முதல் கதிர் படும்படி வைக்கிறார்கள், அவன் எழுந்துவிடுகிறான். வார்னியும் அப்படித்தான் பிழைக்கிறான். சினிமா அதைக் கைவிட்டது. 1890களுக்கு முன்பே இருந்த விதி அது, இன்றைய வாசகருக்குப் புதியது. சுடும் காட்சியை வளர்பிறையில் வையுங்கள்.