அவலாஞ்சி ட்ரவுட் குஞ்சுகள்: ஓடைகளில் விடுவது பயன் தருமா?

கேள்வி: நீலகிரியில் 1907-இல் அமைக்கப்பட்ட அவலாஞ்சி ட்ரவுட் (குளிர்நீர் மீன் வகை) பொரிப்பகத்தைப் பார்த்தது முதல், முட்டைகளை எவ்வாறு பொரிக்க வைக்கிறார்கள் என்றும், குஞ்சுகளை ஓடைகளில் விடுவதால் தூண்டில்காரர்களுக்குப் பயன் உண்டா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: ஐயா, ட்ரவுட் பொரிப்பகங்களில் சினை முற்றிய மீனின் வயிற்றை மெல்ல நீவி, ஈரமில்லாத பாத்திரத்தில் முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்தைச் சேர்த்து இறகால் கலக்கிய பிறகே தண்ணீர் ஊற்றுவது வழக்கம். நாட்கள் சென்றதும் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும். அது காணக் கிடைக்காத காட்சி.

மறுமொழி 2: பயன் ஓடையைப் பொறுத்தது. குளிர்ந்து ஓடும் நீரில்தான் ட்ரவுட் செழிக்கும். நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நலியத் தொடங்கும். குஞ்சுகளைக் கொண்டுவந்த பையை முதலில் ஓடையில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பின்னரே திறக்க வேண்டும்.

மறுமொழி 3: ட்ரவுட் வெளிநாட்டு மீன், சிறு மீன்களையும் தின்னும். ஆகவே, அது இதுவரை இல்லாத ஓடையில் புதிதாக விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.