செலவைக் குறைத்தால் கடன் குறையாதா?

வண்ணாரப்பேட்டை வாசகன்:
பொருளாதாரம் இப்போதுதான் தலைதூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அரசு சிக்கனம் பிடித்தால் எப்படிக் கெடும்? வீட்டுச் செலவைக் குறைத்தால் மிச்சம்தானே?

தறிப்பட்டறை:
ஒருத்தர் செலவு இன்னொருத்தர் வருமானம், அண்ணே. வியாசர்பாடியில் மழைநீர் வடிகால் வேலையை நிறுத்தினால் முதலில் கூலி போகும், அப்புறம் ஜல்லி லாரி, கம்பி கட்டுறவர், பக்கத்து மெஸ்.

கணக்குக்கு வாங்க. நாட்டின் ஆண்டு உற்பத்தி 100, அரசின் கடன் 100. செலவில் 2 வெட்டுகிறோம். பெருக்கி (ஒரு ரூபாய் வெட்டினால் உற்பத்தி எத்தனை ரூபாய் குறையும் என்ற எண்) 1.5 என்றால் உற்பத்தி 97 ஆகும். போன 3-ல் வரி 20 சதவீதம், அதாவது 0.6 வராது. மிச்சம் 1.4தான். கடன் 98.6, உற்பத்தி 97. உற்பத்திக்குக் கடன் விகிதம் 101.6 சதவீதம்! வெட்டியும் ஏறிவிட்டது.

ராயபுரம் ரயிலடி:
அமெரிக்கா 1937 பாருங்க. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பட்ஜெட்டைச் சமன்செய்யச் செலவைக் குறைத்தார். சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதிய) வரிப் பிடித்தமும் அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. தொழில் உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வேலையின்மை 14-லிருந்து 19 சதவீதம். 1938 ஏப்ரலில் மறுபடி செலவுக்குப் பணம் கேட்டார்.

எண்ணூர்க்காரர்:
முழுப்பழியும் செலவு வெட்டின்மேல் போடாதீங்க. 1936–37-ல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், மற்ற வங்கிகள் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டிய இருப்பை இரட்டிப்பாக்கியது, அதுவும் சேர்ந்து அடித்தது. கனடா 1990-களில் வெட்டியும் தப்பித்தது: வட்டி இறங்கியது, ஏற்றுமதி ஏறியது.

தறிப்பட்டறை:
சரிதான். வட்டி ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தால் இன்னும் இறக்க முடியாது, அந்தக் கதவும் மூடியிருக்கும். அப்போதுதான் பெருக்கி பெரிதாகும்.