தம்பியைக் கைது செய்த விவரம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் நேற்று இரவு 11 மணிக்கு என் தம்பியைப் போலீஸ் அழைத்துப் போனது. செருப்புகூட வாசலிலேயே கிடக்கிறது. ஸ்டேஷனில் கேட்டால் 'இங்கே இல்லை' என்கிறார்கள். அம்மா இன்னும் சாப்பிடவில்லை. கைதானவர்கள் பட்டியல் எங்காவது இருக்கிறதா?

பதில்: இருக்க வேண்டும், அக்கா. பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை மூன்றையும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வைக்கு வைக்க வேண்டும். வேப்பேரி கமிஷனர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

பதில்: தமிழ்நாடு காவல்துறை தளத்தில் எஃப்ஐஆர் தேடுங்கள். பாலியல் வழக்கு போன்றவை மட்டும் வராது. அப்புறம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100.

சரி அண்ணா. செருப்பையும் ஒரு சட்டையையும் எடுத்துக்கொண்டு வேப்பேரிக்குக் கிளம்பிவிட்டேன்.