பழைய மாருதி 800-ஐ வாங்கிச் சீரமைப்பதா, முதல் பைக் வாங்குவதா?

பீளமேட்டான்:

மன்றத்தாருக்கு வணக்கம். எனக்கு வயது 26. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். பணிக்குச் சென்று வர நிறுவனப் பேருந்து இருப்பதால், அன்றாடத் தேவைக்கென்று வண்டி எதுவும் எனக்கு வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை இரண்டு ஆசைகளில் ஒன்றுக்குச் செலவிடலாம் என்று எண்ணுகிறேன்.

முதலாவது, காலமான என் பெரியப்பாவின் 1997ஆம் ஆண்டு மாருதி 800. சிங்காநல்லூரில் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் பெரியப்பாவின் பெயரிலேயே உள்ளது. பதிவுக் காலம் 2022 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. பெரியம்மா 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அதை வாங்கி, வார இறுதிகளில் நானே பிரித்துப் பழுது பார்த்து, முடிந்தால் எஸ்டீம் காரின் 1300 சி.சி. எஞ்சினைப் பொருத்தி ஓட்ட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குள்ள ஆசை. இரண்டாவது, ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. பைக் ஓட்டிப் பழக்கமில்லை. கார் உரிமம் மட்டுமே வைத்திருக்கிறேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறையாவது பைக்கில் கடக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிச் சொல்லியே அந்த ஆசை வளர்ந்துவிட்டது.

வீட்டில் பைக் என்றாலே அம்மா முகம் மாறுகிறது. கார் என்றால் அப்பா சிரிக்கிறார். இரண்டையும் கண்டவர்கள் எது முதலில், ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.சி. புத்தகம்:

தம்பி, எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காகிதங்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் இந்தக் காரில் உங்களுக்குப் பெருஞ்செலவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். இதற்கு மேல், புதுப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு 6,000 என்றால் நான்கு ஆண்டுகளுக்கு 24,000. பழைய வண்டிகளுக்கான பசுமை வரியைச் சேர்க்காமலே 34,000 ரூபாய் ஆகிறது. பெரியம்மா கேட்கும் விலைக்கு இது ஏறத்தாழ ஈடு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நிலுவை எவ்வளவு என்று கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள். சொந்தப் பெரியம்மாவிடம் பேரம் பேசுவது கூச்சமாக இருக்கலாம். ஆனால் நிலுவைத் தொகையைக் காட்டிப் பேசுவது பேரம் ஆகாது.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உள்ளது. புதுப்பிப்பதற்கு வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு அது ஓடும் நிலையில், பிரேக்கும் விளக்குகளும் சரியாக இருக்க வேண்டும். எனவே நீங்கள் வார இறுதிகளில் மட்டும் நிதானமாக வேலை பார்த்து ஓராண்டு எடுத்துக்கொண்டால், அந்த நிதானத்துக்கே 6,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பதிவு முடிந்த காரைச் சோதனைக்காகப் பொதுச் சாலையில் ஓட்டிப் பார்க்கவும் இயலாது.

உரிமையாளர் காலமானதால், பெயர் மாற்றம் முதலில் வாரிசு வழியில் படிவம் 31 கொண்டு பெரியம்மாவின் பெயருக்கு நடக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் தேவைப்படும். அவர்கள் பெயருக்கு வந்த பிறகுதான் படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் என்றோ அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

எஸ்டீம் எஞ்சின் ஆசையை இப்போதே கைவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எஞ்சின் எண்ணைத்தான் பார்க்கும். பழைய கார் என்பதால் விண்டேஜ் பதிவில் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பதிவு 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் மாருதி 2047 வரை காத்திருக்க வேண்டும்.

பழைய கார்புரேட்டர்:

மேலே நண்பர் சொன்ன காகித விவரங்களை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைக் கண்டு காரையே விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. சீரமைக்க வாங்கும் காரைத்தான் அன்றாடம் பணிக்கும் ஓட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்; திங்கட்கிழமை காலையில் ஓடியாக வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை இரவு அரைகுறையாகப் பூட்டி எடுக்கிறார்கள். உங்களுக்கு நிறுவனப் பேருந்து இருப்பதால் அந்த நெருக்கடி இல்லை. பழகுவதற்கு மாருதி 800-ஐவிட எளிய கார் நம் நாட்டில் கிடைப்பது அரிது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர், கைக்கு எட்டும் இடத்தில் எல்லாப் பாகங்களும்! 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், அதே எஞ்சின் குடும்பத்தைப் பயன்படுத்திய ஆம்னி 2019 வரை வெளிவந்ததால் எஞ்சின் பாகங்களுக்கு இன்று வரை தட்டுப்பாடு இல்லை. கோவையில் எதையும் கடைந்து கொடுக்க லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை. பம்ப் நிறுவனத்தில் பணிபுரியும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினுக்கு ஆகும் செலவு கணக்கில் அடங்கும். பாடிக்கு ஆகும் செலவுதான் அடங்காது. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் பக்கவாட்டுப் பெட்டிப் பகுதிகளும் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. அவை துருப்பிடித்துவிட்டால் டிங்கரிங் எனும் தகட்டு வேலை காரின் விலையைத் தாண்டிப் போகும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் தரைவிரிப்பை முழுவதும் தூக்கிப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதி, முன் சக்கரங்களின் சஸ்பென்ஷன் மேல்முனை பொருந்தும் இடம், பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் தகட்டின் மேல் எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பளபளப்பான பழைய காரைக் கண்டால் எனக்குச் சந்தேகமே முதலில் வரும்.

நான்கு ஆண்டுகள் நின்ற காரை உடனே சாவி திருகி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போய்ப் பிசின்போல ஆகியிருக்கும்; அதை வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். டைமிங் பெல்ட், கூலன்ட், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர்கள் எல்லாமே புதிதாகப் போட வேண்டியவைதாம். டயரின் பூக்கள் தேயாமல் இருந்தாலும், பக்கச் சுவரில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதலிரண்டு டயர் தயாரான வாரத்தையும் கடைசியிரண்டு ஆண்டையும் குறிக்கும்.

இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1997ஆம் ஆண்டின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும், கார்புரேட்டர் கேஸ்கட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் அவை ஊறி உப்பி விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரில் டேங்கின் அடியில் நீர் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். குழாய்களை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும், ஏனெனில் பெட்ரோல் கசிவு சூடான எஞ்சின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. பிரித்த காரை எங்கே வைப்பீர்கள்? அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒருவாரம் எஞ்சினைத் திறந்து போட்டால் சங்கத்திலிருந்து கடிதம் வரும்.

மலைப்பாதை:

பைக் பக்கம் பேச யாரும் வரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நானும் உடனே ஹண்டரை வாங்குங்கள் என்று சொல்லப் போவதில்லை.

அம்மாவின் முகம் மாறுவதில் நியாயம் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இதைச் சொல்வது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. 26 வயதில் முதன்முறையாகப் பைக் ஓட்டக் கற்பவருக்கு, பதினெட்டு வயதுக்காரருக்கு இல்லாத நிதானமும், கார் ஓட்டியதால் கிடைத்த சாலைப் பழக்கமும் இருக்கும். ஆனால் கிளட்ச், கியர், சமநிலை மூன்றும் ஒன்றாகக் கைவரும் வரையில் அந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றாது. காரில் தவறான இடத்தில் எஞ்சின் அணைந்தால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பைக்கில் அதே இடத்தில் அணைந்தால் வண்டியோடு சாய்வீர்கள்.

ஹண்டர் 350-இன் எடை 181 கிலோ. இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர் என்பதால் கால் நன்றாக ஊன்றும் என்பது உண்மைதான். ஆனால் சாயத் தொடங்கிய 181 கிலோவைத் தாங்கிப் பிடிப்பது புதியவருக்கு எளிதன்று. 125 சி.சி. வண்டிகள் பல 120 கிலோவையொட்டியே இருக்கின்றன. முதல் ஆறு மாதங்களுக்கு அப்படியொரு வண்டியைப் பழையதாக வாங்கியோ, உறவினரிடம் இரவல் பெற்றோ பழகுங்கள். முதலில் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் எடுங்கள். முப்பது நாட்கள் கழித்துத்தான் உரிமத் தேர்வில் எட்டு போடச் செல்ல முடியும்; அந்த முப்பது நாட்களிலேயே உங்களுக்குப் பைக் உண்மையாகப் பிடிக்கிறதா, அல்லது பைக் ஓட்டுபவராக உங்களைக் கற்பனை செய்வதுதான் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு லட்சம் செலவழித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

வாங்கும்போது ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியையே வாங்குங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். எனினும் சிலவற்றில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும், இரண்டு சக்கரங்களுக்கும் உள்ளதே மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், ஹண்டரை வாங்கினாலும் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றுக்கென்று ஒரு தொகையை உங்களால் ஒதுக்க முடியும். ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 தர முத்திரையைப் பாருங்கள்; சாலையோரம் குவித்து விற்பதை வாங்காதீர்கள்.

வால்பாறைக்கு அவசரம் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதே கடினம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் எஞ்சினின் பிடியில் இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் தேடக்கூடாது. எதிரே பேருந்து வந்தால் அதற்கு முழு வளைவும் தேவைப்படும் என்பதை எண்ணி முன்னதாகவே ஒதுங்கி நிற்பவர்கள்தாம் அந்தச் சாலையில் நன்றாக ஓட்டுபவர்கள்.

பீளமேட்டான்:

மூவருக்கும் நன்றி. நிலுவைக் கணக்கை வீட்டில் சொன்னதும் அப்பாவின் சிரிப்பு குறைந்துவிட்டது. பெரியம்மாவிடம் பேசினேன், கொட்டகை அவர்களுடையதுதான், கார் அங்கேயே நிற்கலாம், வாரந்தோறும் வந்து வேலை பார்த்துக்கொள் என்கிறார்கள். எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். காரை இப்போதே பணம் கொடுத்து வாங்கிவிடுவதா, அல்லது வாங்காமலே வேலையைத் தொடங்குவதா என்பதுதான் இப்போதைய குழப்பம்.

பழைய கார்புரேட்டர்:

கொட்டகை கிடைத்துவிட்டதென்றால் பெரும் தடை நீங்கியது. பணம் கொடுக்க வேண்டாம், வேலையையும் தொடங்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை பெரியம்மாவின் அனுமதியோடு இருக்கைகளையும் தரைவிரிப்பையும் மட்டும் கழற்றுங்கள். அதற்கு ஸ்பேனர் செட் ஒன்று போதும். தரை உறுதியாக இருந்தால், பெரியம்மாவின் பெயருக்கு ஆர்.சி. மாற்றும் வேலையை அவர்கள் தொடங்கட்டும். அது முடியும் காலத்தில் நீங்கள் எட்டு போட்டு உரிமம் வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு விலையில் நிலுவையைக் கழித்துக்கொண்டு காரை வாங்கினாலும், மீதித் தொகைக்குப் பழைய 125 சி.சி. வண்டி ஒன்று கிடைக்கும். தரையில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், எவ்வளவு பாசம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய தரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். முக்கியமாகப் பெடல்களின் அடியிலும், ஓட்டுநர் இருக்கை போல்ட்டுகளைச் சுற்றிலும் தெளிவாகத் தெரிய வேண்டும்.