ஒன்பதாம் வகுப்பில் கயிறு நாடகம்: போடலாமா, கூடாதா?

மேலூர் வாத்தியார்:
பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதி பார்த்துக் கட்டும் கலர்க் கயிறு வேண்டாம் என்று தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் பரிந்துரைத்தது. கயிறை அவிழ்க்கச் சொல்லிவிடலாம், பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி? பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு என்ற நாடக முறை அதற்குத் தோதானது. எட்டு நிமிட நாடகம்: தண்ணீர்க் குழாயடியில் ஒருவனை ஒதுக்குகிறார்கள், அப்படியே முடிகிறது. மறுபடி நடிக்கும்போது பார்க்கிற பிள்ளை "நிறுத்து" என்று சொல்லி, ஒதுக்கப்பட்டவன் இடத்தில் ஏறி வேறு வழி செய்து காட்டலாம்.

வைகைக்கரை:
கூடாது சார். நாற்பது பேரில் யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையனே ஏறினால் அவமானம் இரண்டாம் முறை. வேறு பையன் ஏறினால் "நானா இருந்தா அறைஞ்சிருப்பேன்" என்பான், கைதட்டல் வாங்குவான். "நீ ஏன் சும்மா நின்னே?" என்ற கேள்வி மட்டும் உண்மையில் ஒதுக்கப்பட்டவன் தலையில் விழும்.

அரங்கப் பயிற்சி:
வைகைக்கரை சொல்வது நிஜமான ஆபத்து. பள்ளியில் வேடிக்கை பார்க்கிறவன் பாத்திரம் இரண்டு எழுதுங்கள், அந்த இடத்தில் மட்டும் ஏறவிடுங்கள். ஒதுக்குகிறவனை மாற்றவே கூடாது. அவன் சட்டென்று நல்லவனாகிவிட்டால் பேச ஒன்றுமில்லை. அறைவேன் என்று ஒருவன் வந்தால், நடத்துபவர் "இது நம்ம பள்ளிக்கூடத்தில் நடக்குமா?" என்று வகுப்பையே கேட்க வேண்டும். சாதிப்பெயர், தெருப்பெயர் வேண்டாம், கயிறின் நிறம்கூட நிஜத்தில் இல்லாததாக இருக்கட்டும். ஒரு பீரியடு போதாது. இரண்டைச் சேர்த்தால் கூச்சம் போக்கும் ஆரம்ப விளையாட்டுக்குக் கால்மணி, பேச்சுக்கு அரைமணி கிடைக்கும். பேச்சைக் குறைத்தால் சிரிப்புதான் மிஞ்சும்.

மேலூர் வாத்தியார்:
வேடிக்கை பார்க்கிறவன் யோசனை சரி. நடத்துவது வகுப்பாசிரியரா?

அரங்கப் பயிற்சி:
வேண்டாம். மார்க் போடுகிறவர் முன்னால் பிள்ளைகள் அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள்.

வைகைக்கரை:
வெளியாள் நடத்திவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் எல்லோரும் ஒரே டவுன் பஸ்ஸில்தானே ஊருக்குப் போகணும்? மேடையில் பேசிய பையனை அங்கே மறித்தால் யார் பார்ப்பது? மேற்கு வங்கத்தில் இதைச் செய்கிற, 1985ல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி நாடகக் குழு ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. இங்கே ஒரு நாள் விழாவாகத்தான் முடியும்.

மேலூர் வாத்தியார்:
அப்படியானால் நான் நினைத்திருந்த வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். திங்கள் முதல் இரண்டு பீரியடு. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்கும். பஸ் ஸ்டாப்பில் அந்த வாரம் முழுக்க இரண்டு ஆசிரியர் நிற்கணும்.

வைகைக்கரை:
அந்த இரண்டு பேர் யார் என்று முதலில் எழுத்தில் வரட்டும் சார். அதுவரை என் பதில் கூடாது என்பதுதான்.