தூளியில் தூங்கப் போய் முதுகு விறைத்தவர்கள்

போடிமெட்டுக்காரன்:
போன ஜனவரி. மூணாறு பக்கம் சூரியநெல்லிக்கு மேலே, கொழுக்குமலை ஜீப் பாதையை ஒட்டிய தோட்டம். தெரிந்தவரிடம் கேட்டுத்தான் தங்கினேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஹம்மாக் என்ற துணித் தொங்குபடுக்கையைக் கட்டி, 5 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருந்த ஸ்லீப்பிங் பேக் என்ற பஞ்சுப் பைக்குள் புகுந்தேன். மார்பும் காலும் கதகதப்பாக இருந்தன. இரவு 2 மணிக்கு விழித்தால், கழுத்திலிருந்து தொடை வரை ஈரக் கோணியில் கிடத்தியதுபோல ஜில்லென்று இருக்கிறது. பைக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். மேலே நான்கு விரல் தடிமனுக்குப் புசுபுசுவென்றிருந்த அதே பஞ்சு, கீழே தோசையாகத் தட்டையாகிக் கிடந்தது. விடியும் வரை ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா ஒருவர் கட்டன் சாயா கொண்டுவந்தார். தொங்கிக்கொண்டிருந்ததைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தூளிக்கு உள்ளே கம்பளியைப் போட்டால் பிள்ளையின் பாரத்தில் அது நசுங்கிவிடும் தம்பி. வெளியே அல்லவா கட்ட வேண்டும்?" என்றார். 3,000 ரூபாய் கொடுத்துப் பை வாங்கியவன் நான். இன்னும் உறுத்துகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு:
பை மட்டமானது. வட்டவடையில் டிசம்பரில் கூடாரம் போட்டுப் படுத்தேன், வெறும் போர்வைதான். ஒன்றும் ஆகவில்லை.

போடிமெட்டுக்காரன்:
கூடாரத்துக்கு அடியில் தரை இருந்தது ஐயா. என் முதுகுக்குக் கீழே காற்று மட்டுமே இருந்தது.

பழைய இயற்பியல் வாத்தியார்:
டாப் ஸ்டேஷனில் ஒரு இரவு நானும் நடுங்கியவன்தான், அது போகட்டும். சூட்டைக் காப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. உடல் பாரத்தில் அது வெளியேறிவிட்டால் விலையுயர்ந்த பையும் வேட்டித் துணிதான். அக்கா சொன்னதைத்தான் அடிப்போர்வை என்று தனியாகத் தைத்து விற்கிறார்கள். அது ஹம்மாக்கின் அடிப்புறத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தொய்ந்தால் இடைவெளியில் குளிர்காற்று புகும், இறுக்கினால் மறுபடி நசுங்கும். அடிப்போர்வை இல்லாதவர்கள் எளிதில் நசுங்காத நுரைப்பாயை உள்ளே போடலாம். பாய் வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சற்றுக் குறுக்காகப் படுங்கள், முதுகு தட்டையாக இருக்கும். தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள். ஓடைக்கரைப் பள்ளம் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அங்கேதான் இறங்கித் தேங்கும். செண்டுவாரைப் பக்கம் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்துத் தேயிலை உறைபனியில் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்த்த பருத்திப் பனியனை மாற்றிவிட்டுப் படுங்கள். மூக்கைப் பைக்குள் நுழைக்காதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கும். வெந்நீர் பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுத் தொடையிடுக்கில் வைத்துக்கொள்ளலாம், மூடியை இருமுறை பாருங்கள். சிறுநீர் முட்டினால் எழுந்து போய்வாருங்கள், அடக்கிக்கொண்டு புரண்டால் தூக்கம்தான் கெடும்.

மறையூர்ப் பெண்:
வாத்தியார் எல்லாம் சொன்னார், கரியை விட்டுவிட்டார். காந்தல்லூரில் நாங்கள் நான்கு பேர். தார்ப்பாயை நாற்புறமும் தரைவரை இறக்கிக் கட்டி, நடுவே ஒரு சட்டியில் கரிக்கணப்பு வைத்தோம். நல்ல சூடு. நடு இரவில் தலை இடிக்கிறது, எழலாம் என்றால் கால் துணியாகத் துவள்கிறது. ஓரத்தில் படுத்திருந்த தங்கை வாந்தியெடுத்த சத்தம் கேட்டுத்தான் தார்ப்பாயைப் பிய்த்து எறிந்தேன். கரி எரியும்போது வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தங்கை அன்று வாந்தியெடுக்காமல் இருந்திருந்தால் என்று இன்றும் சில இரவுகளில் தோன்றும்.

கம்பம் பள்ளத்தாக்கு:
அதற்குத்தான் வெளியே நெருப்பு மூட்ட வேண்டும்.

மறையூர்ப் பெண்:
போதைப்புல் என்ற காட்டுப்புல் காய்ந்து கிடக்கும் மலையிலா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியது உங்கள் தேனி மாவட்டத்தில்தானே?

லயத்துப் பிள்ளை:
போடிமெட்டு அண்ணா, அக்கா கம்பளியை எப்படிக் கட்டச் சொன்னார்?

போடிமெட்டுக்காரன்:
நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பழைய சேலைக் கிழிசலால் ஹம்மாக் கயிற்றோடு சேர்த்து முடிந்தார். பிறகு என்னை ஏறிப் படுக்கச் சொல்லி, அடியில் கைவிட்டுப் பார்த்து, இடுப்புப் பக்கம் தொய்ந்திருந்ததை இன்னொரு முடிச்சுப் போட்டுத் தூக்கினார். மறுநாள் இரவு விடியும் வரை எழவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு:
இருந்தாலும் அந்தப் பை மட்டம்தான்.